நாலு எழுத்துக்கு என்ன பெறுமதி?

கணக்கு எழுத இந்த நாட்டில் எந்த உரிமமும் தேவையில்லை. கம்பனி ஒன்றின் கணக்காய்வாளராகக் கையெழுத்துப் போடத்தான் சட்டம் தகுதி கேட்கிறது. பேரேட்டைத் திறப்பவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மட்டக்களப்பு டவுனில் உயர்தர வணிகம் படித்த தம்பி, ஓய்வு பெற்ற பேங்க் ஐயா, முதலாளியின் மருமகன் எல்லோருமே எக்கவுண்டன்ட்தான். அப்படியிருக்க, கணக்காளர் சங்கம் ஒன்றில் மெம்பராகி, பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து வாங்குவது எதற்கு?

நக்கல் இல்லை, நானும் அப்படித் தொடங்கியவன்தான். திருமலை வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை. காசேட்டு மீதிக்கும் பேங்க் கூற்றுக்கும் 2,700 ரூபா இடித்தது. இரண்டு நாள் தேடினேன். கடையின் பழைய கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்பதால பிரிச்சுப் பாருங்க தம்பி” என்றார். மீதியில்லாமல் பிரிந்தது. “அப்ப இலக்கம் இடம் மாறிக் கிடக்கு.” 5,800 ரூபாச் செக்கை நான் 8,500 என்று எழுதியிருந்தேன். அவரிடம் ஒரு சான்றிதழும் கிடையாது. அதனால் தொழில் தெரிவதற்கு மெம்பர்ஷிப் வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

அப்புறம் எதற்கு? 1987இல் தொடங்கிய கணக்காளர் சங்கமான ஏ.ஏ.ரி.யில் பரீட்சை எழுதி, பயிற்சி முடித்து, பெயருக்குப் பின்னால் எம்.ஏ.ஏ.ரி. என்ற நாலு எழுத்தை வாங்கினேன். சம்பளம் உடனே கூடவில்லை. வருஷா வருஷம் சந்தா வேறு. முந்தி ஒரு செமினாருக்கு கொழும்புக்கு இரவு பஸ் பிடிக்க வேண்டும், இப்போது சூமில் ஓரளவு சரி. (கிழக்கில் நேரில் நடத்தினால் குறைந்தா போவார்கள்?)

அதன் பெறுமதி எனக்கு விளங்கியது அம்பாறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில். சம்பளம் 40,000 ரூபா, ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு 30,000 என்று காட்டச் சொன்னார் முதலாளி. அந்த நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கு சம்பளத்தில் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் அவரே கட்டுவது 3 வீதம். மறைக்கும் பத்தாயிரத்துக்கு ஆளுக்கு மாதம் 1,500 ரூபா அவருக்கு மிச்சம். மூட்டை சுமக்கிறவனுக்கு அது ஐம்பத்தைந்து வயதில் அந்தக் காசை எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும்.

பழைய நான் என்றால் எழுதியிருப்பேன், பொய் சொல்லவில்லை. முதலாளியிடம் மறுத்துப் பேச என்னிடம் என்ன இருந்தது? இப்போது, “அண்ணன், இதை எழுதினால் என் மெம்பர்ஷிப்பைப் பறிப்பாங்க” என்று சொல்ல முடிந்தது. நல்லவன் வேஷம் போடத் தேவையில்லை, அவரைக் கள்ளன் என்று சொல்லவும் தேவையில்லை. சங்கத்துக்கு ஒழுக்கக்கோவை ஒன்று இருக்கிறது, மீறினால் விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். தனியாளாகக் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தச் சாட்டு கிடையாது. அவன் மனச்சாட்சியை மட்டும் வைத்துக்கொண்டு முதலாளியோடு மல்லுக்கட்ட வேண்டும், அந்த மாதச் சம்பளத்தையும் அவரிடமே வாங்க வேண்டும்.

அந்த வேலை போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வாரமே வேறொருவர் வந்து முப்பதாயிரம் என்று எழுதிக் கொடுத்தாராம். போன மாதம் கல்முனை பஜாரில் முதலாளியைக் கண்டேன்.

“என்ன தம்பி, அந்த நாலு எழுத்து இன்னும் இருக்கா?”

“இருக்கு அண்ணன். இந்த வருஷச் சந்தாவும் கட்டியாச்சு.”