மூன்றாவது காசையாவது விட்டுவிடுங்கள்

நேற்றிலிருந்து எல்லோர் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காசு துலக்கும் வீடியோவைப் பற்றித்தான். "எப்படி மின்னுது பாருங்க" என்று எனக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன். வயிறு எரிகிறது.

முதலில் 1862 விக்டோரியா ரூபாய். புளியும் கல்லுப்பும் பிசைந்து, செங்கல் பொடி தொட்டு, தேங்காய் நாரால் தேய்க்கிறார். அடுத்து 1943 ஓட்டைக் காலணா. அதற்கு எலுமிச்சை மூடி. மூன்றாவதாக 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைக் காட்டி, "இதை அடுத்த வீடியோவில் துலக்குவோம், லட்சத்தில் போகும்" என்று முடிக்கிறார்.

பழைய காசைத் துலக்காதீர்கள். வெள்ளியானாலும் செம்பானாலும், வீட்டுப் பெரியவர் கொடுத்ததானாலும் தோண்டும்போது கிடைத்ததானாலும் துலக்காதீர்கள்.

ஏன் என்று அந்த முதல் காசை வைத்தே சொல்கிறேன். 1862 என்று போட்டிருப்பதால் அந்த வருடம்தான் அடித்தது என்று நினைக்க வேண்டாம். 1874 வரைக்கும் அதே 1862 என்ற எண்ணோடுதான் ரூபாய் வெளிவந்தது. பம்பாய் அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் இடத்தில், ஆண்டெண்ணுக்குக் கீழும் மதிப்பு எழுத்துக்கு மேலும் ஊசிமுனை அளவில் புள்ளிகள் வைத்தார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் எந்த வருடத்துக் காசு என்று இன்று பிரிக்கிறோம். செங்கல் பொடி முதலில் தின்பது அந்தப் புள்ளியைத்தான். அதற்கு முந்தைய 1840 ரூபாயில் ராணியின் கழுத்து வெட்டில் காசின் அச்சைச் செதுக்கிய வில்லியம் வையன் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். ஜார்ஜ் ரூபாயில் பின்புறம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. இந்த வரலாறு முழுக்க மேல்தோலில்தான் இருக்கிறது. தோலை உரித்துவிட்டால் மிஞ்சுவது 11.66 கிராம் உலோகம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம். நகைக்கடைக்காரர் எடை போட்டுக் கொடுக்கும் காசுதான் பிறகு அதன் மதிப்பு.

"அழுக்கை எடுத்தால் என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். அது அழுக்கில்லை. வெள்ளியின் மேல் படியும் கருமை, காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டான படலம். அந்தக் கறுப்பிலேயே வெள்ளி இருக்கிறது. அதை எடுக்கும்போது காசின் ஒரு அடுக்கும் கூடவே போகிறது. செம்புக் காசின் பழுப்பு நிறம் அதற்குக் கவசம் மாதிரி. புளி, எலுமிச்சையின் அமிலம் அந்தக் கவசத்தைக் கரைத்ததும் இளஞ்சிவப்பாக, பச்சைப் புண் போலச் செம்பு வெளியே தெரியும். அந்த ஓட்டைக் காலணா வீடியோவில் அப்படித்தான் தெரிந்தது. உப்பு இன்னும் மோசம். அதன் குளோரைடு செம்பின் நுண்துளைகளில் தங்கி, ஈரம் பட்டதும் அமிலமாகி, மறுபடி செம்பைத் தின்னும். சில மாதத்தில் வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும். அந்த வீடியோ யாரும் எடுக்கப் போவதில்லை.

அலுமினியக் காசுக்குச் சலவைச் சோடாவே போதும். 1964இலிருந்து வந்த 3 பைசா, ஓரம் வளைந்த 10 பைசா எல்லாம் அதில் போட்டால் நுரைத்துக் கறுத்துவிடும். திருநீறும் பற்பசையும் மென்மை என்று நம்புகிறார்கள். இரண்டுமே தேய்ப்புப் பொடிதான். ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள், மயிரிழைக் கோடுகள் சிலந்திவலை மாதிரி தெரியும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"விளக்கைத் துலக்குவதில்லையா, அது நம் பழக்கம்தானே?" விளக்கு ஏற்றுவதற்கு உள்ள பொருள், வாராவாரம் துலக்குங்கள். காசில் எழுத்து இருக்கிறது. ஓலைச்சுவடியை யாரும் துலக்குவதில்லை.

"தேய்க்காமல் எழுத்து எப்படித் தெரியும்?" இது நியாயமான கேள்வி. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். மேடுபள்ளம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

"சேகரிக்கிறவர்கள் விலையை ஏற்றிக்கொள்ளச் சொல்லும் கதை இது." இதுதான் வலிக்கிறது. துலக்காதே என்று சொல்வதில் எங்களுக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. துலக்கிய காசு குறைந்த விலைக்கு வரும், வாங்குகிறவருக்கு அது லாபம்தான். அப்படியும் வேண்டாம் என்று கத்துகிறோம் என்றால் அந்தக் காசு திரும்ப வராது என்பதால்தான்.

லட்சம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு இருந்தால் லட்சம், 786 எண் இருந்தால் லட்சம் என்று வரும் விளம்பரங்கள்தான். போன் செய்தால் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு கமிஷன், பிறகு வரி என்று நம்மிடமிருந்துதான் பணம் போகும். 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி தன் பெயரில் நடக்கும் இந்த மோசடியைச் சொல்லி எச்சரித்தது. பழைய நோட்டு, நாணய வியாபாரம் எதிலும் தனக்குத் தொடர்பில்லை, கட்டணம் வாங்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று எழுத்திலேயே சொன்னது. அப்படியும் நிற்கவில்லை. இந்த ஆசையில்தான் வீட்டுக்கு வீடு பரணிலிருந்து டப்பாவை இறக்கிப் புளி கரைக்கிறார்கள். நோட்டு என்றால் இஸ்திரிப் பெட்டி. சூடு பட்டதும் தாளின் முறுக்கும், அச்சு மையின் மேடும் போய்விடும். கிழிசலில் ஒட்டும் டேப் சில வருடத்தில் மஞ்சளாகி மையையும் சேர்த்து உரிக்கும். லேமினேஷன் செய்தால் மீட்கவே முடியாது. 1917 நவம்பரில் வந்த முதல் 1 ரூபாய் நோட்டையும், 1918 ஜனவரியில் வந்த இரண்டரை ரூபாய் நோட்டையும் லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார்கள். முதல் உலகப்போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்ததால் காகிதத்துக்கு மாறிய கதை அந்தத் தாளில் இருக்கிறது. தட்டையாக, பிளாஸ்டிக் உறையில்லாமல், ஒரு நல்ல புத்தகத்துக்குள் வைத்திருந்தாலே பிழைத்திருக்கும்.

இப்போது அந்த மூன்றாவது காசு.

1911 ரூபாயில் மன்னர் மார்பில் தொங்கும் சங்கிலியில் எள்ளளவு ஒரு யானை இருக்கிறது. துதிக்கை குட்டையாக விழுந்ததால் பன்றி என்று பேச்சு கிளம்பியது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டது. ஏறக்குறைய 94 லட்சம் காசு அடித்திருந்தார்கள், சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டு, 1912இல் துதிக்கையைத் தெளிவாக நீட்டிப் புது அச்சு செய்தார்கள். அந்தக் காசின் கதையே அந்த யானைதான். மேட்டில் இருப்பதால் தேய்த்தால் முதலில் போவதும் யானைதான்.

இதை அந்த நண்பரிடம் யாராவது சேர்த்துவிடுங்கள். வீடியோவில் பார்த்தவரை அந்தக் காசில் எண்ணெய்ப் பிசுக்கும் கொஞ்சம் குங்குமமும்தான். மேசையில் மெத்தென்ற துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள், கை தவறினாலும் அடிபடாது. ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஒரு நாள் ஊற விடுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். பிசுக்கு போகவில்லையென்றால் சுத்தமான அசிட்டோனில் ஐந்து நிமிடம். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும், அது ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் கூடாது, பிளாஸ்டிக் கிண்ணம் கரையும். எடுத்துப் பருத்தித் துணியில் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். அதற்குப் பிறகும் ஒட்டியிருப்பது அப்படியே இருக்கட்டும். பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். வழவழவென்று வளையும் பிவிசி உறை நாளாக நாளாகப் பச்சைப் பிசினாகக் கசியும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக்கு ஆகாது.

துலக்கிய இரண்டையும் ஒரு வாரம் டிஸ்டில்டு வாட்டரில், தினமும் தண்ணீர் மாற்றி வையுங்கள், தங்கிய உப்பும் புளிப்புமாவது இறங்கும். பழைய நிறம் வரட்டும் என்று முட்டையோடு மூடி வைப்பது, புகை காட்டுவது எதுவும் வேண்டாம்.