கவுன்சில் வீடு எப்போது ஏழை வீடானது?

போருக்குப் பிந்திய பிரித்தானியாவைப் பற்றி யார் கதைக்கத் தொடங்கினாலும் கடைசியில் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ்ஸில்தான் வந்து நிற்பார்கள். 1948 ஜூலை 5, இலவச வைத்தியம், அனைரின் பெவன். சரிதான். ஆனால் வீடமைப்பும் அதே பெவனின் கையில்தான் இருந்தது என்று சொல்பவர்கள் குறைவு. அப்போது சுகாதார அமைச்சரே வீடுகளுக்கும் பொறுப்பு. அவர் தொடங்கிய வைத்தியசேவை நொண்டி நொண்டியாவது நடக்கிறது, அதை மூடுவோம் என்று வாய்திறக்க எந்தப் பெரிய கட்சிக்கும் துணிவில்லை. அவர் கட்டிய கவுன்சில் வீடுகளோ, அதாவது உள்ளூராட்சி சபைகள் வாடகைக்கு விட்ட வீடுகளோ, குடியிருந்தவர்களுக்கே பாதிவிலைக்கு விற்கப்பட்டன. விற்றவர்களுக்குத் தேர்தலில் வாக்கும் விழுந்தது.

ஏன் இப்படி? என்னுடைய பதில் இதுதான்: ஆஸ்பத்திரி வரிசையில் வங்கி முகாமையாளரும் வந்து நிற்கிறார். கவுன்சில் வீட்டு வரிசையில் அவர் நிற்பதில்லை.

நிற்கவேண்டும் என்றுதான் பெவன் நினைத்தார். வேல்ஸில் ட்ரெடீகர் என்ற ஊரின் சுரங்கத் தொழிலாளியின் மகன், 13 வயதில் தானே சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1945இல் தொழிற்கட்சி அரசில் அவர் பதவிக்கு வந்தபோது குண்டு விழுந்த தெருக்கள் அப்படியே கிடந்தன. மரம் இல்லை, செங்கல் இல்லை, கொத்தனார் இல்லை. 1946இல் சனம் பொறுமை இழந்து, இராணுவம் விட்டுப்போன முகாம்களுக்குள் பெட்டி படுக்கையோடு புகுந்து குடியேறியது. அந்த நெருக்கடிக்குள்ளும் மனிதர் பிடிவாதமாக நின்றார்: மூன்று அறை வீடென்றால் 900 சதுர அடியாவது வேண்டும், மேலே ஒரு கழிப்பறை, கீழே ஒரு கழிப்பறை. கொல்லைப்புறக் கழிப்பறைக்குக் குளிரில் ஓடிய குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆமை வேகம் என்று சொந்தக் கட்சிக்காரர்களே திட்டினார்கள். இன்று எண்ணிக்கையைப் பார்ப்பீர்கள், பத்து வருஷம் கழித்துத் தரத்தைத்தான் பார்ப்பீர்கள் என்பது அவருடைய வாதம்.

1949இல் இன்னொன்றும் செய்தார். கவுன்சில் வீடுகள் "தொழிலாளர் வர்க்கத்துக்கு" என்று சட்டத்தில் இருந்ததை எடுத்துவிட்டார். டாக்டரும் இறைச்சிக்கடைக்காரரும் வயலில் வேலைசெய்பவரும் ஒரே தெருவில் இருக்கவேண்டும் என்பது அவர் கனவு. அந்த டாக்டர் கடைசிவரை வரவேயில்லை. என்னைக் கேட்டால், கவுன்சில் வீடு தோற்றது அங்கேதான். 1980இல் விற்கத் தொடங்கியது பிறகு வந்த கதை.

1951இல் கன்சர்வேட்டிவ் வந்தது. வருஷத்துக்கு மூன்று இலட்சம் வீடு என்ற இலக்கை 1953இலேயே வீடமைப்பு அமைச்சர் மக்மிலன் எட்டிக் காட்டினார். பெரிய சாதனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடு சுருங்கியது. 1956இல் மாடி உயர உயர மானியமும் உயரும் என்று சட்டம் வந்தது, கவுன்சில்களும் வானத்தைப் பார்த்துக் கட்டத் தொடங்கின. அதன் முடிவைக் கிழக்கு லண்டனின் நியூஹாம் பார்த்தது. ரோனன் பொயின்ற், 22 மாடி, சனம் குடிவந்து இரண்டு மாதம்தான். 1968 மே 16 விடியற்காலை, 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட நெருப்புக்குச்சியைத் தட்டினார். காஸ் கசிந்திருந்தது. கட்டிடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை மாடி மாடியாக இடிந்து இறங்கியது. நான்கு பேர் இறந்தார்கள், குச்சி தட்டியவர் தப்பினார். 1986இல் அதைப் பிரித்தபோது, கொங்கிரீட் இருக்கவேண்டிய சில பொருத்துகளுக்குள் பழைய பத்திரிகைத்தாள் இருந்தது.

அதற்காக முந்திய காலம் பொற்காலம் என்று யாரும் கதைவிட வேண்டாம். வீடு கேட்டால் கவுன்சிலில் இருந்து ஒரு அம்மா வந்து, இருக்கிற வீட்டின் சுத்தத்தைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டு போவார். நல்ல பெயர் வாங்கினால் நல்ல வீடு. கரீபியனில் இருந்து வந்தவர்கள் இத்தனை வருஷம் இங்கே வசித்திருக்கவேண்டும் என்ற விதியிலேயே அடிபட்டுப் போனார்கள். தனியார் வீட்டு ஜன்னலிலோ "கறுப்பர்கள் வேண்டாம்" என்ற அட்டை. வீட்டு விஷயத்தில் நிறம் பார்ப்பது சட்டவிரோதமானது 1968இல்தான். லண்டன் நொட்டிங் ஹில்லில் இனக்கலவரம் நடந்து பத்து வருஷம் கழித்து.

1977இல் வீடற்றவர்களுக்கு முன்னுரிமை என்று சட்டம் வந்தது. நியாயமான சட்டம். ஆனால் புதிதாகக் கட்டுவது குறையும் நேரத்தில் வந்தபடியால், வரிசையில் மிகவும் கஷ்டப்பட்டவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

பிறகு பிரதமர் தாட்சர். குடியிருப்பவரே தன் கவுன்சில் வீட்டை வாங்கலாம் என்றது 1980 சட்டம்: மூன்று வருஷம் குடியிருந்தவருக்கு 33 வீதக் கழிவு, நீண்டகாலம் இருந்தவருக்கு 50 வீதம். பின்னால் தொடர்மாடிகளுக்கு 70 வீதம் வரை போனது. வாங்கியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். இருபது வருஷம் வாடகை கட்டிய பஸ் சாரதிக்கு அந்த வீட்டைப் பாதிவிலைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாரா? என் கோபம் விற்றதில் கூட இல்லை. விற்ற காசின் பெரும்பகுதியைக் கொண்டு புதுவீடு கட்டக் கவுன்சில்களை விடவில்லையே, அதில்தான். தோட்டத்தோடு இருந்த நல்ல வீடுகள் முதலில் போயின. இங்கிலாந்தில் மட்டும் கிட்டத்தட்ட 20 இலட்சம் வீடுகள் போயின. மிஞ்சியது வாங்க வசதியில்லாதவர்களும், யாரும் வாங்க விரும்பாத மாடிகளும்.

எங்கட தமிழ் ஆக்களுக்கும் இதில் பங்குண்டு. அப்படிக் கைமாறிய பிளட்டை வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அதே ஆக்கள் கலியாண வீட்டில் "அவை கவுன்சில் வீட்டிலதான் இருக்கினம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லவும் கேட்டிருக்கிறேன். ஒரே படிக்கட்டில் ஒரு கதவுக்குக் கவுன்சில் வாடகை, அடுத்த கதவுக்குச் சந்தை வாடகை. அதைக் கட்ட முடியாதவருக்கு அரசாங்கம் வாடகை உதவி கொடுக்கிறது. பொதுக்காசில் கட்டி, கழிவில் விற்று, இப்போது அதே சுவருக்குள் இருக்கப் பொதுக்காசில் வாடகை.

ஸ்கொட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இந்த விற்பனையை நிறுத்திவிட்டன. இங்கிலாந்து 2024 நவம்பரில் கழிவின் உச்சத்தை இடத்தைப் பொறுத்து 16,000 முதல் 38,000 பவுண் வரை என்று குறைத்தது, ஆனால் நிறுத்தவில்லை. முழுதாக நிறுத்தட்டும், திரும்பக் கட்டட்டும் என்பதே என் நிலை. ஆனால் கட்டும்போது தாதியும் பள்ளிக்கூட ரீச்சரும் விண்ணப்பிக்கக்கூடியதாகக் கட்டவேண்டும். "அதெல்லாம் ஏழைகளின் இடத்தைப் பிடுங்குவது" என்று இடதுசாரி நண்பர்களே என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், கொமென்ற் திறந்துதான் இருக்கு.