ஆர்பிஎம் ஒன்றானால் விசையும் ஒன்றாகிவிடாது

டியூப்களை வேகமாகச் சுழற்றிக் கலவையைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் கருவி பற்றி, "எந்த ரோட்டரானாலும் (டியூப்களை வைத்துச் சுழலும் பகுதி) 10,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வைத்தால் ஒரே விசைதான், டியூப்களில் மட்டம் சமமாக இருந்தால் எடை பார்க்க வேண்டாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, இரண்டாவது ஆபத்தும்கூட. ரோட்டரின் ஆரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மின் வர்க்கத்தாலும் பிறகு 0.00001118 ஆலும் பெருக்கிப் பாருங்கள், ஜி மதிப்பு, அதாவது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்பது வந்துவிடும். 10 செ.மீ. ஆரத்தில் 10,000 ஆர்பிஎம் என்றால் 11,180 ஜி, 7 செ.மீ. ஆரத்தில் அதே வேகத்துக்கு சுமார் 7,800 தான். அப்படி விசை குறைந்தால் அடியில் கெட்டியாகப் படிய வேண்டியது தளர்வாக நின்று, மேல்நீரை ஊற்றும்போதே கூட வந்துவிடலாம். அதனால் செய்முறையில் ஜி கொடுத்திருந்தால் அதையே வையுங்கள், வெறும் ஆர்பிஎம் இருந்தால் எந்த ரோட்டர் என்று தேடுங்கள்.

எடை விஷயம்: சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல் தண்ணீரைவிடக் கனம், மட்டம் சமமானாலும் எடை சமமாகாது. மூடியோடு தராசில் வைத்துச் சமன் செய்து எதிரெதிர்த் துளைகளில் வையுங்கள், தயவுசெய்து இதில் மட்டும் கண்ணளவை நம்பாதீர்கள். அப்புறம், குளிரூட்டி இருக்கிறதே என்று வெளியில் கிடந்த ரோட்டரை அப்படியே போடாதீர்கள். திரையில் 4 டிகிரி காட்டினாலும் அவ்வளவு கனமான உலோகம் குளிர நேரம் எடுக்கும், முன்பே உள்ளே வைத்துக் குளிரவிடுங்கள்.