நாவிகேசன் செற் பூட்டுறது ஸ்டிக்கர் ஒட்டுற வேலை இல்ல

நேற்றிலருந்து வயிறு பத்தி எரியுது. அத்தான்ட காருக்கு நாவிகேசன் செற், அதான் மெப்பில வழி காட்டுற ஸ்க்ரீன், பூட்டச் சொல்லி திருகோணமலை டவுன்ல ஒரு கடையில விட்டம், பின்னேரம் எடுக்கப் போய்ப் பாத்தா இடது பக்க டாஷ்போட்டுக்கு மேல எஸ்ஆர்எஸ் எயார்பேக் எண்டு பொறிச்சிருக்கிற அந்த மூடியிலயே ஸ்க்ரீன டபுள் டேப் போட்டு ஒட்டி வைச்சிருக்கிறாங்கள். எழுத்தில பாதி டேப்புக்குக் கீழ போயிற்று. கண் இல்லையா இவங்களுக்கு? அந்த சீட்டில இருக்கப்போறது என்ட அக்கா. எயார்பேக் எண்டா மெதுவா ஊதிக்கொண்டு வாற பலூன் இல்ல, கார் எங்கயாவது பலமா மோதினா கண் இமைக்க முதல் மூடியப் பிய்ச்சுக்கொண்டு வெளிய வரும், மேல ஒட்டியிருக்கிற சாமான் நேர அவட மூஞ்சையிலதான் அடிக்கும்.

கேட்டா பெடியன் சொல்றான், "அண்ணா எல்லாருக்கும் இப்பிடித்தான் பூட்டுறம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல" எண்டு. இன்னும் ஒருத்தருக்கும் அடிபடல்ல, அதான் சொல்லல்ல!

விட மனமில்லாம கவரக் கழட்டச் சொன்னன். பற்றரியிலருந்து நேர லைன், இடையில பியூஸ் இல்ல, வயர ரெண்டு முறுக்கு முறுக்கி கறுப்பு டேப் சுத்தி உள்ளுக்குத் தள்ளி விட்டிருக்கு. எங்கட ஊர் வெயிலுக்கு உப்புவெளி பீச் பக்கம் கொஞ்ச நேரம் நிப்பாட்டினாலே கார் உள்ளுக்கு அடுப்பு மாதிரி, அந்த டேப்பிட பசை எத்தினை நாளைக்குத் தாங்கும்? இளகிக் கழண்டு வயர் இரும்பில பட்டா பியூஸ் இல்லாத லைன் நெருப்புத்தான் பிடிக்கும். சாவி போட்டா மட்டும் கரண்ட் வாற ஏசிசி லைன்ல, பியூஸ் பெட்டியிலருந்து எடுத்துக் குடுத்திருந்தா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்ல. இப்ப செற் ராத்திரி முழுக்க கரண்டக் குடிக்கும், விடிய கார் ஸ்டார்ட் ஆகாது. ஒரு பியூஸ் என்ன விலை? கூலி வாங்கேக்க மட்டும் கை நடுங்கல்ல.

செற்றிட ஜிபிஎஸ் அன்ரனாவ சொல்லவே வேணாம். 20,200 கிலோமீற்றர் உயரத்தில சுத்துற ஜிபிஎஸ் சட்டலைட்ல குறைஞ்சது 4 அதுக்குத் தெரியவேணும், அப்பதான் கார் நிக்கிற இடம் சரியா வரும். இவங்கள் அத இரும்பு பிராக்கற்றுக்குக் கீழ சொருகி வைச்சிருக்கிறாங்கள். உள்துறைமுக வீதியால வரேக்க மெப்பில கார் கடலுக்குள்ள நிக்குது.

இதெல்லாம் போக, ஸ்க்ரீன் அவ்வளவு தூரத்தில இருந்தா ஓட்டுறவர் ஒவ்வொரு தரமும் தலையத் திருப்பித்தான் பாக்கவேணும். 60 கிலோமீற்றர் வேகத்தில 2 செக்கன் கண்ண எடுத்தா கார் 33 மீற்றர் போயிடும். டவுனுக்குள்ளயே புள்ளிமான் றோட்டுக்குக் குறுக்கால வாற ஊர் இது, கந்தளாய் தாண்டி ஹபரணை றோட்டில இரவில யானை நிக்கும். இந்த றோட்டிலதான் அத்தான் கிழமைக்கு கிழமை கொழும்புக்குப் போய் வாறவர்.

பற்றரிட நெகட்டிவக் கழட்டி கொஞ்ச நேரம் விட்டிட்டுத்தான் எயார்பேக் கிட்ட கைய வைக்கோணும், எயார்பேக் வயரிட மஞ்சள் கனெக்டர தொடவே கூடாது. இது கூடத் தெரியாதவன் ஏன் டாஷ்போட்டக் கழட்டுறான்?

நாளைக்குத் திரும்பக் கொண்டு போறன், முழுக்கக் கழட்டித் தரச் சொல்லி, காசும் திருப்பிக் கேக்கப்போறன். திருகோணமலையில பியூஸ் போட்டு, எயார்பேக்குக்குத் தள்ளி ஒழுங்கா பூட்டித் தாற ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ, ரெண்டு மடங்கு கூலி கேட்டாலும் குடுக்கிறன்.