ரஜூலா கப்பலும் ஒரு பழைய கொலை வழக்கும்

உண்மைக் குற்ற வழக்குகளைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் எழுதும் நூல்கள் குறித்து ஒரு கட்டுரை படித்தேன். குற்றச் செய்தி எழுதிப் பழகியவர்கள் பிற்பாடு சொந்தக் குடும்ப வரலாற்றையும் எழுத உட்காருவது ஏன் என்று அதில் கட்டுரையாளர் வியக்கிறார். எனக்கு அதில் வியப்பில்லை. இரண்டிலும் வேலை ஒன்றுதான். வாயால் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல் தாளைத் தேடிப் போக வேண்டும்.

எங்கள் தாத்தா 1922இல், தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஆட்களை ஏற்றிவந்த ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார் என்பதுதான் வீட்டுப் பேச்சு. ரஜூலா கடலில் இறங்கியதே 1926இல்! பெரியப்பாவிடம் சொன்னால், "அப்ப அது வேற ரஜூலாவா இருக்கும்" என்று பேச்சை முடித்துவிடுகிறார். அந்த இடத்தில் விடாமல் கேட்க ஒரு நிருபர்தான் வேண்டும்.

ஆனால் குற்ற நூல்களைக் கட்டுரை கொஞ்சம் அதிகமாகவே தூக்கிப் பிடிக்கிறது. 1979இல் இங்கே மலேசியாவில் ஜீன் சின்னப்பா என்ற பெண் கொலையான வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே இறந்துபோயிருந்த அவருடைய கணவரின் சகோதரருக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு முக்கியச் சாட்சியே தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள, 1981இல் அந்தச் சகோதரர் விடுதலையானார். கோலாலம்பூரில் என் வயதுக்காரர்களைக் கேட்டால் கொலை ஞாபகம் இருக்கும், தண்டனை ஞாபகம் இருக்கும். விடுதலையைச் சொல்ல யோசிப்பார்கள். இத்தகைய வழக்கை எழுதுகிறவர் அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்க வேண்டும். இரண்டு பக்கக் குடும்பங்களும் இங்கேயேதானே வாழ்ந்தாக வேண்டும்?

அப்புறம், பினாங்கில் இந்த மாதிரி நூல்கள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.