அமா என்றால் பாட்டி

பினாங்கில் ஒரு சீன ஆரம்பப் பள்ளியில் ஆறு மாதம், சனிக்கிழமைதோறும் நாடகம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே பாடமொழி மண்டரின் சீனம்; எனக்கு அது வராது. மலாயில்தான் வகுப்பு ஓடியது; பிள்ளைகளுக்கு நான் ‘சிக்கு’, மலாயில் ஆசிரியர்.

முதல் நாள் ஏதாவது நடித்துக் காட்டச் சொன்னேன். வரிசையாக நின்று, நன்னெறிப் பாட வசனத்தைப் பேச்சுப்போட்டித் தோரணையில் மண்டரினில் ஒப்பித்தார்கள். உச்சரிப்பு படு சுத்தம். (நம் தமிழ்ப்பள்ளிகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்!) சரி, வீட்டில் நடக்கும் சண்டையை நடியுங்கள் என்றேன். தயங்கித் தயங்கி, ஒரு பெண்பிள்ளை ‘அமா!’ என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். பினாங்குச் சீனர் பலர் வீட்டில் பேசும் ஹொக்கியனில் அது பாட்டியாம். அப்புறம் யாரும் ஒப்பிக்கவில்லை. ஹொக்கியனும் மலாயும் கலந்து வாய் தானாக ஓடியது.

பள்ளிக்கு இது பிடிக்கவில்லை. பெற்றோர் கேட்க வருவது நல்ல மண்டரின், சந்தைப் பேச்சு அல்ல என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மலேசியாவில் சீனர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. நன்கொடை திரட்டித் திரட்டிக் காப்பாற்றிய தாய்மொழிக் கல்வி அது. ஹொக்கியன், கண்டனீஸ், ஹக்கா என்று பிரிந்து கிடந்த வீட்டுப் பிள்ளைகளை மண்டரின்தான் ஒரே வகுப்பில் உட்கார வைத்தது. வகுப்புக்குச் சரி, மேடைக்கும் அதே சட்டமா? பாட்டியின் மொழியை வாசலில் நிறுத்திவிட்டுப் பாட்டியாக எப்படி நடிப்பது? 1988இல் சிங்கப்பூரில் குவோ பாவ் குன் போட்ட ‘பூனையைத் தேடும் அம்மா’ நாடகத்தில், ஹொக்கியன் பேசும் கிழவியும் தமிழ் பேசும் பெரியவரும் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பேச்சு நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) கடைக் காட்சியில் ஒரு பையன் ‘இந்தியர்’ ஆனான். தலையை ஆட்டி, நாக்கைச் சுழற்றி ஒரு மலாய். வகுப்பே சிரித்தது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் திட்டவில்லை. “நீ சாப்பிடும் கடைக்காரர் இப்படியா பேசுவார்? போய்ப் பார்த்துவிட்டு வா” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் தலையை ஆட்டவே இல்லை. இல்லாத மாவை விசிறினான், தோளில் கிடந்த துணியால் மேசையைத் துடைத்தான், கிழவியாக நடித்தவளிடம் ஹொக்கியனில் ஏதோ கேட்டான். ஏன்டா ஹொக்கியன் என்றேன்.

“அவர் என்னைவிட நல்லா பேசுவார், சிக்கு.”