வீடு எப்ப வாங்கப்போகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு

அக்காவின் மகன் கனடாவுக்குப் போய், வருகிற மாதம்தான் ஒரு வருடம். போன ஞாயிறு வட்ஸ்அப்பில் எடுத்தான். சுகம் விசாரித்து, மாடு கன்று போட்டதா என்று கேட்டு, அம்மம்மாவின் முழங்கால் நோவையும் கேட்டு முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா, வீடொண்டு பாக்கட்டோ?" என்றான். பின்னால் குசினி வாசலில் நின்ற அக்கா, "ஓமெண்டு சொல்லு, ஓமெண்டு சொல்லு" என்று எனக்குக் கையால் காட்டுகிறா.

நான் ஓம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்கா என்னோடு நேராகக் கதைப்பதில்லை. தேத்தண்ணி கூட மகளின் கையில்தான் வருகிறது. அக்கா முகநூலில் இல்லை. ஆனால் இதை அவவுக்கு வாசித்துக் காட்ட எங்கள் ஊர் அக்கராயனில் ஆட்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டுங்கள், குறை விளங்கமாட்டேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2022 தொடக்கத்தில் என் தம்பி இதே கேள்வியைக் கேட்டபோது ஓமென்று சொன்ன முதல் ஆள் நான்தான். "வாடகைக் காசு தண்ணியில போட்ட காசடா" என்று வேறு சொன்னேன். ரொறன்ரோவின் வாடகையும் தெரியாமல், வட்டியும் தெரியாமல், கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறவன் சொன்ன புத்தி அது.

தம்பி 2020 ஜனவரியில் மனைவியின் ஸ்பொன்சரில் போனவன். போய் இரண்டு மாதத்தில் கொரோனா. அதோடு முதல் வருடம் போய்விட்டது. இரண்டாம் வருடம்தான் ஒழுங்கான வேலை. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில் ஒரு டவுன்ஹவுஸ் பார்த்தார்கள். அந்த நாட்களில் அங்கே வீடு வாங்குவது ஏலம் கேட்பது மாதிரி. கேட்ட விலைக்கு மேலே போட வேண்டும். "வீட்டைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் முடிவு" என்று நிபந்தனை போட்டால் உங்கள் தாளைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். மூன்று வீடு கைதப்பிப்போன வெப்பிசாரத்தில் நாலாவதுக்கு எட்டரை இலட்சம் டொலர் எழுதிக் கொடுத்துவிட்டான். கிணற்றில் தண்ணீர் நிற்குமா, எந்த மாதம் வற்றும் என்று நாலு வீட்டில் விசாரிக்காமல் இங்கே யாரும் கால் ஏக்கர் வாங்கமாட்டோம். அங்கே இருபது நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு வாழ்நாள் கடனில் கையெழுத்து வைத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் படம் அனுப்பினான். நான் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினேன்.

கணக்கைச் சொல்கிறேன். கனடாவில் இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு முதல் 5 இலட்சம் டொலருக்கு 5 வீதமும் அதற்கு மேலுள்ளதற்கு 10 வீதமும்தான் குறைந்தபட்ச முற்பணம். ஆகவே எட்டரை இலட்சத்துக்கு 60 ஆயிரம் டொலர். இவனுடைய சேமிப்பு 22 ஆயிரம். மிச்சம் சீட்டு எடுத்ததும் மச்சாளின் தமையன் கொடுத்ததும். தமையன் கொடுத்தது கடன்தான், வங்கிக்குக் கொடுத்த கடிதத்தில் மட்டும் அது அன்பளிப்பு. அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். முற்பணம் 20 வீதத்துக்குக் குறைவென்றால் கடனுக்குக் காப்புறுதி கட்டாயம். அது இவனுடைய கடனில் 4 வீதம், அதாவது 31 ஆயிரத்து 600 டொலர். காப்புறுதி என்றதும் இவனுக்கு ஏதும் நடந்தால் குடும்பத்துக்கு வரும் காசென்று நாங்கள் இங்கே நினைத்துக்கொண்டோம். இல்லை, அது வங்கியைக் காப்பாற்ற. காசை மட்டும் இவன் கட்ட வேண்டும். அதைக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். 60 ஆயிரம் கட்டியும் கடைசியில் கடன் 8 இலட்சத்து 21 ஆயிரம்.

வட்டி மாறும் வட்டி. அப்போது ஒன்றரை வீதம். மாதம் 3,300 டொலரளவில் கட்டினான், கீழே பேஸ்மென்டை வாடகைக்குக் கொடுத்தால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். 2022 மார்ச்சில் கனடா மத்திய வங்கி வட்டியைக் கூட்டத் தொடங்கியது. கால் வீதத்தில் இருந்தது 2023 ஜூலையில் 5 வீதத்துக்கு வந்து நின்றது. தம்பியின் மாதக் கட்டுக்காசு 5,300 டொலரைத் தாண்டியது. விற்றுவிட்டு வெளியேறலாமென்றால் விலையும் விழுந்துவிட்டது. ரொறன்ரோப் பெரும்பாகத்தின் சராசரி வீட்டு விலை 2022 பெப்ரவரியில் 13 இலட்சத்து 30 ஆயிரம் டொலருக்கு மேல். அதே வருடம் ஓகஸ்டில் 11 இலட்சத்துக்குக் கீழே. விற்ற காசு கடனுக்கே காணாது.

அதே 2022 இல் இங்கே என்ன நடந்ததென்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்க டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனது, கனேடிய டொலரும் கூடவே ஏறியது. ஒரு பை சீமெந்து ஆயிரத்துச் சொச்சத்தில் இருந்து மூவாயிரத்தைத் தொட்டது. நாங்கள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற காலம். ஒரு நூறு டொலர் வந்தாலே பெரிய காசாக இருந்த அந்த நேரத்தில், ஒன்பது மாதம் தம்பியிடமிருந்து ஒரு சதமும் வரவில்லை. வீட்டில் அவனைத் திட்டித் தீர்த்தோம். பெண்சாதியின் சொல் கேட்கிறான் என்றோம். அவன் பகல் தொழிற்சாலை, இரவு சாப்பாட்டு டெலிவரி என்று ஓடியது பிறகுதான் தெரியும்.

அம்மாதான் சரியான கேள்வியைக் கேட்டா. குடிபூரல் வீடியோவில் பால் பொங்கி வழிகிறது, எல்லோரும் கைதட்டுகிறோம், அம்மா போனைப் பிடுங்கி, "தம்பி, உறுதி உன்னட்டயோ பாங்கிலயோ?" என்றா. தம்பி சிரித்துவிட்டு, பெயர் தன்னுடையதுதான், ஆனால் 25 வருடம் கட்டிமுடிக்கும் மட்டும் வங்கிக்கு அதில் உரிமை இருக்கு என்று விளங்கப்படுத்தினான். "அப்ப ஈடு வைச்ச வீடு" என்று சொல்லிவிட்டு அம்மா போனை என்னிடம் தந்துவிட்டா.

நான் ஏன் அன்று ஓமென்றேன் என்று பலதடவை யோசித்திருக்கிறேன். 2008 இல் சண்டைக்கு அக்கராயனை விட்டு வெளிக்கிட்டபோது ஐயா வீட்டுக் கதவுகளையும் இரண்டு யன்னலையும் நிலையோடு கழற்றி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றினார். போற இடத்தில் ஒரு கொட்டில் போட்டால் கதவாவது நம்முடையதாக இருக்கும் என்றார். அந்தக் கதவுகள் விசுவமடு வரை எங்களோடு வந்தன. அங்கேயிருந்து வெளிக்கிடும்போது ஒரு மரத்தோடு சாத்திவிட்டு வந்தோம். ஐயா ஒருமுறை திரும்பிப் போய், மழை படாமல் தறப்பாள் துண்டு ஒன்றால் மூடிவிட்டு வந்தார். திரும்பி வருவோம் என்ற எண்ணம். அதன் பிறகு செட்டிகுளம் முகாம், கூடாரம். இப்படி வந்த சனத்துக்கு நாலு சுவரும் ஒரு கூரையும் கண்டால் ஓமென்று சொல்லத்தான் வாய் வரும். அது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பசியை நாங்கள் பிள்ளைகளின் தலையில் வட்டியோடு ஏற்றுகிறோம்.

இத்தனைக்கும் அவசரத்தில் கட்டின வீடு என்ன செய்யும் என்று வன்னியில் இருக்கிற எங்களைவிட யாருக்குத் தெரியும்? இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், கட்டம் கட்டமாகத் தந்தார்கள். அளவு 550 சதுர அடியளவில். எத்தனை பேர் அந்த அளவோடு நின்றோம்? வாற காசுதானே, அத்திவாரத்தையாவது பெரிதாகப் போட்டு வைப்போம் என்று நானும் ஒரு ஹோலும் போட்டிக்கோவும் சேர்த்து வெட்டினேன். அத்திவாரத்திலேயே காசு முடிந்தது. மிச்சத்துக்கு மனிசியின் சங்கிலி அடைவு, அதற்குப் பிறகு வாரம் வாரம் வீட்டு வாசலுக்கு வருகிற நுண்கடன். எத்தனை பெண்கள் அந்த வசூல்காரரைக் கண்டு பின்வேலியால் போனார்கள். என் போட்டிக்கோவின் இரண்டு தூணும் இன்னும் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மனிசி அதில் உடுப்புக்காயப்போடக் கொடி கட்டியிருக்கிறா. தம்பிக்குப் புத்தி சொல்ல முன்னம் நான் அந்தத் தூணைப் பார்த்திருக்கலாம்.

மருமகனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், அவனைப் போல வேறு பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

போய் ஒரு வருடத்தில் உனக்கு உன்னையே தெரியாது. இப்போது வேலை ஏஜென்சி மூலம், நாளைக்கு எங்கே வேலை கிடைக்குமோ தெரியாது. இங்கே படித்த படிப்பை அங்கே ஏற்றுக்கொள்ள இன்னும் பரீட்சை எழுத வேண்டும். அது முடிந்தால் வேறு நகரத்துக்கே போகவேண்டி வரலாம். வாடகை வீடென்றால் அறிவித்தல் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கலாம். சொந்த வீட்டை விற்றால் முகவருக்கு, வழக்கறிஞருக்கு என்று காசு போகும், அடுத்ததை வாங்கும்போது காணி மாற்று வரி வேறு. ரொறன்ரோ நகரத்துக்குள் அந்த வரி இரண்டு, மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. முதல்முறை வாங்குகிறவர்களுக்குக் கழிவு உண்டு, ஆனால் அது முதல்முறைக்கு மட்டும்தான். அவசரத்தில் வாங்கின பிழையான வீட்டோடு அந்தச் சலுகையும் செலவாகிப்போகும்.

இங்கே பலருக்குத் தெரியாத இன்னொன்று. கடன் 25 வருடமென்றாலும் வட்டி ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான். பிறகு அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும். நிலையான வட்டி எடுத்திருந்தாலும் ஐந்தாம் வருடம் பரீட்சைதான். தம்பிக்கு அந்தப் பரீட்சை 2027 இல். வட்டி 2024 நடுப்பகுதியில் இருந்து இறங்கியிருப்பது உண்மை. அதற்காக ஒன்றரை வீதம் திரும்பி வருமென்று யாரும் கனவு காணக்கூடாது.

வாடகைக்கு இருப்பதென்றால் சும்மா இருப்பதில்லை. 2023 ஏப்ரலில் தொடங்கிய முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. வருடம் 8,000 டொலர், மொத்தம் 40 ஆயிரம் வரை போடலாம். போடுகிற காசுக்கு வருமான வரியில் கழிவு, முதல் வீடு வாங்க எடுக்கும்போதும் வரியில்லை. கணக்கைத் திறந்த வருடத்தில் இருந்துதான் போடக்கூடிய அளவு சேரும், ஆகவே கையில் நூறு டொலர்தான் இருந்தாலும் திறந்து வை என்றேன். தமிழ் வானொலி விளம்பரத்தில் வீடு விற்கிறவர்கள் இதை எவ்வளவு சொல்கிறார்களோ தெரியாது. எனக்குத் தம்பிதான் சொன்னான், பட்ட பிறகு.

விசிட்டர் விசாவில் போய் இன்னும் வழி தெரியாமல் நிற்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. 2023 ஜனவரி 1 இலிருந்து வெளிநாட்டவர் அங்கே குடியிருப்பு வீடு வாங்கத் தடை இருக்கிறது, 2027 ஜனவரி 1 வரை நீட்டியிருக்கிறார்கள். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை, வேறு சில விலக்குகளும் உண்டு. தனக்கு எது பொருந்துமென்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட்டு அத்தானின் பெயரில், சித்தப்பாவின் பெயரில் வாங்கிவிட்டு "வாயால பேசியிருக்கிறம்" என்று இருக்காதீர்கள். இங்கே அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு நடக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். உறுதி எழுத முடியாத காணிக்கு வாய்ப்பேச்சு என்ன பெறுமதியென்று அவர்களைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் போனவர்கள் வாங்கினவர்கள்தானே, இன்று கோடீஸ்வரர் என்று கடையில் ஒருவர் என்னோடு தர்க்கப்பட்டார். ஓம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தொண்ணூறுகளில் வாங்கினவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அப்போதைய விலை வேறு. அவர்களிலும் பலர் ஒரு அப்பார்ட்மென்டில் ஏழெட்டுப் பேராக வருடக்கணக்கில் இருந்துவிட்டுத்தான் வாங்கினார்கள். அந்த வருடங்களை யாரும் படம் பிடித்துப் போடவில்லை, அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. கல்யாணப் பேச்சில் "அங்க வீடு இருக்கோ?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிற புரோக்கர்மாரைப் பற்றி எழுதினால் பதிவு நீண்டுவிடும், விடுகிறேன்.

அவன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகி, அந்த ஊரில் மூன்று பனிக்காலம் பார்த்து, கைமாற்று இல்லாமல் சொந்தக் காசில் முற்பணம் கட்டி, வட்டி இரண்டு வீதம் கூடினாலும் சாப்பிட மிச்சம் இருக்குமென்றால் வாங்கட்டும். நானே பால் பொங்க வைப்பேன். அதுவரைக்கும் நாங்கள் இங்கே வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவனுக்குச் செய்கிற உதவி.

நேற்று மறுபடி எடுத்தான். கணக்குத் திறந்து 200 டொலர் போட்டிருக்கிறானாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா போனை வாங்கி, அவன் இருக்கிற பேஸ்மென்டைச் சுற்றிக் காட்டச் சொன்னா. கட்டில், சின்ன அடுப்பு, மேலே கூரையோடு ஒட்டினாற்போல ஒரு நீட்டு யன்னல், அதற்கு வெளியே பனி.

"உதுக்குள்ள வெயில் வருமோ?"

"மத்தியானம் ஒரு மணித்தியாலம் வரும் அம்மம்மா."

"அப்ப சரி" என்றா அம்மா.